கேளுங்க சொல்றோம்: ரீல்ல வந்த கறி தோசை

கேள்வி: மதுரைல ஒரு சாப்பாட்டு வாட்ஸ்அப் குரூப்ல இருக்கேன், மாசம் ஒரு தடவ எல்லாரும் சேர்ந்து எங்கயாச்சும் போய் சாப்பிடுவோம். போன தடவ சிம்மக்கல் பக்கம் கறி தோசை சாப்பிடப் போனப்ப ஒருத்தர் வீடியோ எடுத்துட்டே இருந்தாரு, மறுநாள் பார்த்தா அவரோட இன்ஸ்டா ரீல்ல நான் வாய் நிறைய மென்னுட்டு இருக்கேன், என்னைய டேக் வேற பண்ணிருக்காரு. என் மாமியார் வீடு சுத்த சைவம். நாத்தனார் பார்த்துட்டு அங்க சொல்லி வீட்ல ஒரே பேச்சு. குரூப்ல கேட்டா "பொது இடம்தானே, இதுல என்ன இருக்கு"ன்னு கேக்குறாங்க. நான் கோவப்படுறது தப்பா?
– பெயர் வேண்டாம், மதுரை

பதில்: தப்பே இல்லம்மா. கேமராவப் பார்த்து சிரிச்சிருந்தாலும் அது அங்க இருந்தவங்களுக்காக சிரிச்சது, ஊருக்கே போட்டுக்கங்கன்னு குடுத்த சம்மதம் இல்ல. பொது இடம்னு சொல்றவங்களுக்கு, 2017ல புட்டசாமி வழக்குல சுப்ரீம் கோர்ட்டோட 9 நீதிபதிங்க அந்தரங்கம் அடிப்படை உரிமைன்னு சொன்னப்பவே, பொது இடத்துல இருக்குறதால மட்டும் அது போயிடாதுன்னும் தீர்ப்புல எழுதியாச்சு. நாம என்ன சாப்பிடணும்னு அரசாங்கம் சொல்றத யாரும் விரும்ப மாட்டாங்கன்னு நீதிபதி செலமேஸ்வர் அதுலயே எழுதிருக்காரு. ரீலுக்காக கோர்ட்டுக்குப் போகச் சொல்லல, ஆனா உங்க தட்டுல என்ன இருந்துச்சுங்கறத யாருக்குச் சொல்லணும்னு நீங்கதான் முடிவு பண்ணணும், அத அவரு உங்க கைல இருந்து எடுத்துட்டாரு, எனக்கு அதுதான் வருத்தம்.

முதல்ல இன்ஸ்டால அந்த டேக்க நீங்களே எடுத்துடுங்க, செட்டிங்ஸ்ல உங்க அனுமதி இல்லாம டேக் காட்டாதபடி வச்சுக்கலாம். அப்புறம் குரூப்ல சண்டை போடாம அவருக்கு நேரா போன் பண்ணி, "நான் வர்ற இடத்த மட்டும் வெட்டிட்டு திரும்பப் போடுங்க"ன்னு கேளுங்க, நிறைய பேரு கேட்டா எடுத்துடுவாங்க. அடுத்த தடவ ஆர்டர் குடுக்குறதுக்கு முன்னாடியே அட்மின் ஒரு வார்த்தை கேட்டுட்டா போதும், வேணாங்கறவங்க ஒரு பக்கமா உக்காரலாம்.

சாப்பாட்ட தாராளமா எடுங்க. கல்லுல தோசை மேல முட்டைய ஊத்தி, கறிய அள்ளிப் பரப்பி, மாஸ்டர் அப்படியே திருப்பிப் போடுறப்ப வர்ற சத்தத்தோட வீடியோ எடுத்தா அதுக்கு யார் முகமும் தேவையில்ல! பின்னாடி டேபிள்ல குழந்தையோட யாராச்சும் இருந்தா கேமராவக் கொஞ்சம் கீழ இறக்குங்க. லொகேஷன அங்க இருந்து கிளம்புனப்புறம் போடுங்க, பொண்ணுங்க தனியா வந்திருந்தா இது ரொம்ப முக்கியம்.

கேள்வி: தள்ளுவண்டி அண்ணன் போட்டோ வேணாம்னாரு, கூட வந்தவங்க ஒளிச்சு எடுத்துட்டாங்க. விளம்பரம்தானே, அவருக்கு நல்லதுதானே?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: அவருக்கு எது நல்லதுன்னு அவருக்குத் தெரியும். கூட்டம் கூடுனா போலீஸோ கார்ப்பரேஷனோ வந்து வண்டிய நகத்தச் சொல்லலாம், இல்ல தன் முகம் வெளிய வர்றது பிடிக்காம இருக்கலாம், காரணம் கேக்கவே வேண்டாம். எடுத்தத அழிக்கச் சொல்லுங்க. அடுத்த வாட்டி போறப்ப போன பைக்குள்ள வச்சுட்டு சாப்பிடுங்க.