“மனசுல வச்சுக்காதீங்க” என்றால் போதுமா? மனநலம் பற்றிச் சில கேள்விகளும் பதில்களும்

நான் மருத்துவர் இல்லை. மாவட்ட அரசு மருத்துவமனையில் பதினெட்டு வருடமாக மனநலச் சமூகப் பணியாளர். மாத்திரை எழுத மாட்டேன். மாத்திரை ஏன் நின்றுபோனது என்று வீடு தேடிப் போய் விசாரிப்பேன். வந்த கேள்விகளைச் சுருக்கி, ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை எடுத்துவிட்டுப் போட்டிருக்கிறேன்.

கேள்வி: மகனுக்கு 29 வயது. தனியாகப் பேசுகிறான், ராத்திரியில் தூங்குவதில்லை. தர்காவில் கொண்டுபோய் விடச் சொல்கிறார்கள் உறவுக்காரர்கள். வீட்டிலேயே சங்கிலியில் கட்டிப்போடலாம் என்கிறார் அவன் அப்பா. மாத்திரையைச் சாம்பாரில் கலந்து கொடுக்கலாமா?

அம்மா, முதலில் அந்தச் சங்கிலியைப் பற்றிப் பேசிவிடுவோம். 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலை ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகள் காப்பகக் கொட்டகை ஒன்று தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். சங்கிலியில் கட்டிப்போட்டிருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. அவர்களைக் கொண்டுவந்து விட்டவர்களும் உங்களைப் போலப் பிள்ளை மேல் பாசமுள்ள குடும்பங்கள்தான். 2017-ஆம் வருட மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோய் உள்ள யாரையும் எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்கிறது. அப்பாவிடம் சட்டத்தைச் சொல்வதைவிட அந்தக் கொட்டகையைச் சொல்லுங்கள்.

தர்காவுக்குப் போகாதீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். மூத்த டாக்டர்கள் சிலருக்கு இதில் என் மேல் வருத்தம். ஆனால் மந்திரித்த கயிற்றை அறுத்துவிட்டு வா என்று நாங்கள் சொல்லி அனுப்பிய எந்தக் குடும்பமும் இரண்டாம் தடவை எங்கள் ஓ.பி.க்கு வந்ததில்லை. ஏர்வாடி தர்காவிலேயே துவா என்கிற பிரார்த்தனையோடு மருந்தும் கிடைக்க அரசு ஏற்பாடு செய்ததும் இதை உணர்ந்துதான். கயிறு கையில் இருக்கட்டும், மாத்திரையும் வயிற்றுக்குள் போகட்டும்.

சாம்பார் மட்டும் வேண்டாம். “சோத்துல என்னமோ கலக்குறாங்க” என்ற சந்தேகம் இந்த நோயில் சகஜம். ஒரு நாள் அவன் கண்டுபிடித்துவிட்டால் அந்தச் சந்தேகம் உண்மையாகிவிடும். அப்புறம் உங்கள் கையால் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டான். விழுங்க மறுப்பவர்களுக்கு இரண்டு வாரத்துக்கோ நான்கு வாரத்துக்கோ ஒருமுறை போடுகிற ஊசி இருக்கிறது. அவனுக்குச் சரிவருமா என்று டாக்டரிடம் கேளுங்கள். முதல் தடவை அவன் வர மறுத்தால் நீங்கள் மட்டுமாவது வாருங்கள்.

கேள்வி: பனியன் கம்பெனி ஹாஸ்டலைப் பார்த்துக்கொள்கிறேன். ஒடிசாவிலிருந்து வந்த பெண் ஒருத்தி மூன்று மாதமாக அடிக்கடி மயங்கி விழுகிறாள். ஸ்கேன், ரத்தம் எல்லாம் நார்மல். இப்போது இன்னும் இருவர் விழ ஆரம்பித்திருக்கிறார்கள். பேய் என்று பயப்படுகிறார்கள். நடிப்பா?

நடிப்பு இல்லை. ஸ்கேன் சரியாக இருப்பதால் அவளுக்கு ஒன்றுமில்லை என்று ஆகிவிடாது. வாயால் சொல்ல முடியாததை உடம்பு சொல்கிறது. கூட இருக்கும் பெண்களுக்கும் அதே பாடு இருந்தால் அது பரவும். பூசாரியைக் கூப்பிடுவதற்கு முன் நாலு கேள்வி கேட்டுப் பாருங்கள்: கடைசியாக எப்போது ஊருக்குப் போனாள்? போன் அவள் கையில் இருக்கிறதா? சம்பளம் யார் கணக்கில் போகிறது? எத்தனை நாளாகத் தொடர்ந்து நைட் ஷிப்ட்?

கவுன்சிலிங்குக்கு அழைத்துப்போகும்போது நீங்கள் மொழிபெயர்க்க உட்காராதீர்கள். கோபித்துக்கொள்ள வேண்டாம், உங்கள் நல்ல மனசு புரிகிறது. ஒருமுறை இப்படி ஒரு பெண் இரண்டு நிமிடம் விடாமல் பேசினாள், அழுதாள். கூட வந்த மேஸ்திரி என்னிடம் திரும்பி, “வீட்டு ஞாபகமாம் மேடம்” என்றார். இரண்டு நிமிடப் பேச்சுக்கு இரண்டே வார்த்தை. அன்றிலிருந்து முதலாளி பக்கத்து ஆளை மொழிபெயர்க்க விடுவதில்லை. 14416-க்குப் போன் செய்தால், அதுதான் டெலி-மனாஸ், 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கியது, பல மொழிகளில் இலவசமாகப் பேசலாம். எண்ணை ஹாஸ்டல் சுவரில் ஒடியாவிலும் இந்தியிலும் எழுதி ஒட்டுங்கள். அவள் தனியாக இருந்து பேச ஓர் அறையும் கொடுங்கள்.

கேள்வி: நான் திருநங்கை, வயது 24. காதல் முறிந்து, தூக்கம் போய், கவுன்சிலரிடம் மூன்று முறை போனேன். மூன்று முறையும் ஆபரேஷன் பற்றியே கேட்டார். கடைசியில் “உன்னை மாற்றிவிடலாம்” என்றார். எனக்குத்தான் பிரச்சினையா?

காதல் தோல்விக்குப் போனவளிடம் காதலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை! உங்களுக்குப் பிரச்சினை இருக்கிறது, ஆனால் அது அந்தப் பையன்தான்.

“மாற்றிவிடலாம்” என்பது வேறு விஷயம். 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் இப்படி ஒருவரின் பாலின அடையாளத்தையோ பாலீர்ப்பையோ மாற்றப் பார்க்கும் ‘மாற்று சிகிச்சை’களைத் தடை செய்யச் சொன்னார். ஒருவரையொருவர் காதலித்து மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரு பெண்களின் வழக்கு அது. எனக்கு அந்த வழக்கில் மறக்க முடியாதது தீர்ப்புக்கு முந்திய கட்டம்: தனக்கு இந்த விஷயத்தில் முழுப் புரிதல் இல்லை என்று ஒப்புக்கொண்டு, நீதிபதியே ஓர் உளவியலாளரிடம் போய் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார். 2022-ல் தேசிய மருத்துவ ஆணையம் மாற்று சிகிச்சை செய்வதைத் தொழில்முறைத் தவறு என்று அறிவித்தது. உலக சுகாதார அமைப்பின் புதிய நோய்ப் பட்டியலும் பாலின அடையாளத்தை மனநோய் அத்தியாயத்திலிருந்து எடுத்துவிட்டது.

வேறு கவுன்சிலரைப் பாருங்கள். முதல் ஐந்து நிமிடத்தில் நீங்களே கேளுங்கள்: “திருநங்கைகளோடு இதுக்கு முன்னாடி வேலை செஞ்சிருக்கீங்களா?” முகம் சுளித்தால் எழுந்து வந்துவிடலாம்.

கேள்வி: மறுவாழ்வு முகாமில் இருக்கிறோம். அப்பப்பாவுக்கு (அப்பாவின் அப்பா) 71 வயது, 1990-ல் இலங்கையிலிருந்து வந்தவர். தீபாவளி வெடி கேட்டால் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துவிடுவார். டாக்டரிடம் “நெஞ்சு எரியுது” என்று மட்டும் சொல்லி வருடக்கணக்காகக் கேஸ் மாத்திரை சாப்பிடுகிறார்.

அப்பப்பா கட்டிலுக்கு அடியில் தேடுவது பங்கரை, அதாவது பதுங்கு குழியை என்று நினைக்கிறேன். ஷெல் அடித்த காலத்தில் வீட்டுக்கு வீடு வெட்டியதுதானே. முப்பது வருடத்துக்குப் பிறகும் உடம்பு அந்த வழியை மறக்கவில்லை.

எங்கள் ஓ.பி.யில் வயதானவர்கள் யாரும் “மனசு சரியில்லை” என்று சொல்லி வருவதில்லை. நெஞ்சு எரியும், கை கால் குடையும், உடம்பெல்லாம் அடித்துப் போட்டது போல இருக்கும். அவசரத்தில் இருக்கும் டாக்டர் அதற்கு மாத்திரை எழுதிவிடுவார். அடுத்த முறை நீங்களும் கூடப் போய் அந்தக் கட்டில் விஷயத்தைச் சொல்லுங்கள். நெஞ்சு எரிச்சலுக்கும் ஈ.சி.ஜி. ஒன்று எடுத்துப் பார்க்கட்டும். எல்லாமே மனசு என்று ஒதுக்குவதும் தப்பு.

போர் பார்த்தவர்களுக்கென்றே ஒரு சிகிச்சை முறை உண்டு. தரையில் ஒரு கயிற்றை நீட்டிப் போடுவார்கள். அதுதான் வாழ்க்கை. நல்லது நடந்த இடத்தில் பூ, கெட்டது நடந்த இடத்தில் கல். அவரே வைப்பார். பிறகு ஒவ்வொரு கல்லாக, முன்னும் பின்னும் என்ன நடந்தது என்று கோத்துப் பேசுவார்கள். சுனாமிக்குப் பின் இலங்கையின் வடகிழக்கில், முகாமில் இருந்த 31 பிள்ளைகளுக்கு ஆறு அமர்வுகளில் இதைச் செய்து பார்த்தார்கள். பாதிப் பேருக்கு இந்த முறை, மீதிப் பேருக்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியும். இரண்டு பக்கமும் பெரும்பாலான பிள்ளைகள் தேறினார்கள். அதனால் பேச விருப்பமில்லாதவரைப் பேச வைத்தே தீர வேண்டும் என்றில்லை. முறையாகக் கற்றவர் இல்லாமல் வீட்டில் நீங்களே கயிறு போட்டுப் பார்க்கவும் வேண்டாம். தீபாவளி அன்று பகலிலேயே “ராத்திரி வெடிப்பாங்க அப்பப்பா, நான் பக்கத்துல இருக்கேன்” என்று சொல்லி வையுங்கள், அது போதும்.

கேள்வி: பட்டியல் சாதி மாணவன். முதல் தலைமுறைப் பட்டதாரி. விடுதியில் நடந்ததைக் கல்லூரிக் கவுன்சிலரிடம் சொன்னேன். “அதையெல்லாம் மனசுல வச்சுக்காதீங்க, பாசிட்டிவ்வா இருங்க” என்றார்.

தம்பி, அதே வார்த்தையை நானும் சொல்லியிருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம். நர்சிங் படிக்கிற பெண், மெஸ்ஸில் அவள் தட்டை மட்டும் தனியாகக் கவிழ்த்து வைக்கிறார்கள் என்று சொன்னாள். நான் அவளுக்கு மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்தேன். நாலு எண்ணி இழு, ஆறு எண்ணி விடு. பொறுமையாகச் செய்து காட்டிவிட்டு, “அப்ப தட்டு?” என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. அவள் திரும்பி வரவில்லை.

உங்களுக்கு வந்திருப்பது காரணமில்லாத கவலை இல்லை, காரணத்தோடு வந்த காயம். நடந்தது நடந்தது என்று ஒப்புக்கொள்ளாத சிகிச்சை, காயத்துக்கு மேல் பவுடர் பூசுவது போல. தூக்கம், படிப்பு, பதற்றம் ஆகியவற்றுக்கு உதவி தேவைதான், வாங்கிக்கொள்ளுங்கள். அதோடு நடந்ததைத் தேதி போட்டு எழுதி வையுங்கள். புகார் கொடுப்பதா வேண்டாமா என்பதை உங்களை நம்புகிற ஒருவரோடு பேசி நீங்கள் முடிவெடுங்கள். கவுன்சிலர் முடிவெடுக்கக் கூடாது.

கேள்வி: தங்கை தற்கொலைக்கு முயன்று பிழைத்துவிட்டாள். போலீஸ் கேஸ் ஆகுமா?

மருத்துவமனையிலிருந்து தகவல் போகும், போலீஸ் விசாரிக்க வரலாம். ஆனால் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆவது பிரிவுப்படி, முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும். தண்டிக்கக் கூடாது, அரசு சிகிச்சை தர வேண்டும். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய தண்டனைச் சட்டத்தின் 309-ஆவது பிரிவும் 2024 ஜூலையில் வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் இல்லை. ஆகவே பயந்து சிகிச்சையைப் பாதியில் நிறுத்திக் கூட்டிப்போகாதீர்கள்.

அடுத்த சில மாதங்கள் முக்கியம். “ஏன் இப்படிப் பண்ணினே” என்று குடைய வேண்டாம். “திரும்ப அப்படித் தோணுதா” என்று நேராகக் கேட்கலாம், கேட்பதால் எண்ணம் வந்துவிடாது. ஆபத்தான பொருட்கள் வீட்டில் கைக்கு எட்டுகிறபடி இருக்கக் கூடாது. காட்டுமன்னார்கோயில் பக்கத்துக் கிராமங்களில் பூச்சிமருந்தை ஊருக்குப் பொதுவான பெட்டகத்தில் பூட்டி வைத்தே உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறார்கள். அந்த வேகம் தணியச் சிறிது நேரம் கிடைத்தாலே பலர் மீண்டுவிடுகிறார்கள். நடுராத்திரியில் தோன்றினால் 14416 அல்லது 104.

கேள்வி: என் மனைவிக்குக் காது கேட்காது. எழுதிக் காட்டிக் கவுன்சிலிங் செய்யலாம் என்கிறார்கள். சரிவருமா?

சைகைமொழியில் வளர்ந்தவர் என்றால் சரிவராது. அதன் இலக்கணமே வேறு. தமிழ் எழுத்து அவருக்கு இரண்டாம் மொழி. சைகைமொழி பெயர்ப்பாளரைக் கேளுங்கள். நீங்களோ பிள்ளைகளோ அந்த இடத்தில் உட்காராதீர்கள். அவர் சொல்ல நினைப்பது உங்களைப் பற்றியே இருக்கலாம் அல்லவா?

கேள்வி: தம்பிக்குப் பத்து வருடமாக மனநோய். ஊனச் சான்றிதழ் கேட்டுப் போனோம். டாக்டர் கேட்டதற்கெல்லாம் நன்றாகப் பதில் சொன்னான், 40 சதவீதத்துக்குக் கீழே போட்டுவிட்டார்கள்.

வெளியாள் முன்னால் கால் மணி நேரம் நன்றாக இருப்பது பலருக்கும் முடியும். அவர்கள் நான்கு விஷயம் பார்க்கிறார்கள்: தன்னைத் தானே கவனித்துக்கொள்வது, மனிதர்களோடு பழகுவது, பேசிப் புரிந்துகொள்வது, வேலை. நோய் எத்தனை வருடம் என்பதையும் கணக்கில் எடுப்பார்கள். 40 சதவீதம் வந்தால்தான் சலுகைகளுக்கு வழி. மறுபடி போகும்போது பழைய ஓ.பி. சீட்டுகளை எல்லாம் தேதிவாரியாகக் கோத்து எடுத்துப்போங்கள். “குளிக்கச் சொல்ல வேண்டும், சில்லறை எண்ணத் தெரியவில்லை, கடைசி வேலையில் ஒன்பது நாள்” என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். அவனோடு ஒரே வீட்டில் இருப்பவர் யாரோ அவரைக் கூட்டிப்போங்கள். போனமுறை வந்தது வெளியூர் மாமா என்று எழுதியிருக்கிறீர்கள், அவருக்கு எப்படித் தெரியும்?