கேம் போட்டால் பேட்டரி ஏன் ஒரு மணி நேரத்தில் காலியாகிறது?

அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவர் கேட்டிருக்கிறார்: "மாதாந்திர பராமரிப்புன்னு காலை 9 மணிக்கு கரண்ட் போனா 2 மணிக்குத்தான் வரும். அந்த நேரத்துல என் 14 இஞ்ச் லேப்டாப்ல கேம் ஆடினா 1 மணி 10 நிமிஷத்துல ஆஃப் ஆயிருது. கடையில 8 மணி நேரம் நிக்கும்னு சொன்னாங்க. வாங்கி ரெண்டு வருஷம்தான் ஆகுது. பேட்டரிய மாத்தணுமா அண்ணாச்சி?" கூடவே விண்டோஸ் தருகிற பேட்டரி ரிப்போர்ட்டையும் அனுப்பியிருக்கிறார்.

மாற்ற வேண்டாம் தம்பி. ரிப்போர்ட்டில் புதிதாக இருந்தபோது 42 வாட்-ஹவர் (ஒரு வாட் இழுத்தால் 42 மணி நேரம் வரும் சக்தி), இப்போது முழுதாக ஏற்றினால் 36. இரண்டு வருஷம் ஓடிய பேட்டரிக்கு இது நல்ல நிலை.

உங்கள் ஊர்ப் பக்கம் குளத்து மடையைப் பார்த்திருப்பீர்கள். கிடக்கிற தண்ணீர் ஒன்றுதான், மடையை எவ்வளவு திறக்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் அது எத்தனை நாள் வரும் என்பது. கடையில் சொன்ன 8 மணி நேரம், வெளிச்சத்தைக் குறைத்து வைத்து வீடியோ பார்க்கிற கணக்கு. அப்போது லேப்டாப் மொத்தமே 5 வாட் சொச்சம்தான் இழுக்கும். கேம் போட்டதும் பிராசசரும் அதற்குள்ளேயே இருக்கிற கிராஃபிக்ஸும் முழு மூச்சாக ஓடி 30 வாட் வரை போய்விடும். 36-ஐ 30-ஆல் வகுத்தால் 1 மணி 12 நிமிஷம். உங்களுக்குக் கிடைப்பதும் அதுதானே.

எல்லாரும் முதலில் வெளிச்சத்தில் கை வைப்பார்கள். குறைக்கலாம், ஆனால் அதில் மிச்சமாவது இரண்டு மூன்று வாட்தான். பெரிய மடை ஃபிரேம் ரேட், அதாவது நொடிக்கு எத்தனை படம் (ஃபிரேம்) வரைகிறது என்பது. லிமிட் போடாமல் விட்டால் கேம் தன்னால் முடிந்த மட்டும் நொடிக்கு 70, 80 என்று ஃபிரேமை வரைந்து தள்ளும், உங்கள் திரை 60 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 60 படம் காட்டுவது) என்றால் அதற்கு மேல் காட்டவே காட்டாது, அந்தச் சக்தியெல்லாம் சும்மா சூடாகப் போகிறது. கேம் செட்டிங்கில் 30 என்று லிமிட் போடுங்கள். அப்புறம் ரெசல்யூஷனை 1920×1080-லிருந்து 1280×720-க்கு இறக்குங்கள், வரைய வேண்டிய புள்ளிகள் பாதிக்கும் கீழே வந்துவிடும். இந்த வரிசை முக்கியம்: லிமிட் இல்லாமல் ரெசல்யூஷனை மட்டும் குறைத்தால் கேம் அந்த மிச்சத்தையும் எடுத்துக்கொண்டு இன்னும் அதிக ஃபிரேம் வரையும், பேட்டரிக்கு ஒரு பிரயோஜனமும் இருக்காது. விண்டோஸ் பவர் செட்டிங்கில் பேட்டரியில் ஓடும்போது பிராசசரின் உச்ச அளவை 99 சதவீதம் என்று வைத்தால், பெரும்பாலான லேப்டாப்பில் டர்போ வேகம் (பிராசசர் வழக்கமான வேகத்தைத் தாண்டி ஓடுவது) நின்றுவிடும். ஒரு சதவீதம்தானே என்று நினைக்காதீர்கள், சூடு குறைவது கையிலேயே தெரியும்.

இதெல்லாம் செய்தால் பல கேம்களில் இழுப்பு 18 வாட் பக்கம் வரும், அதாவது இரண்டு மணி நேரம். கார் ரேஸ், துப்பாக்கிச் சண்டை மாதிரி வேகமானவற்றுக்கு 30 தடுமாறும், 40 வையுங்கள், கொஞ்ச நேரம் குறையும். பழைய 2டி கேம் என்றால் மூன்று மணி நேரம்கூட ஓடும்.

ஐந்து மணி நேரம் வேண்டுமென்றால் வெளியிலிருந்துதான் கரண்ட் வர வேண்டும். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் கவலையே இல்லை, 65 வாட் அடாப்டர் ஒரு சீலிங் ஃபேன் அளவுதான் இழுக்கும். பவர் பேங்க் வாங்குவதானால், உங்கள் லேப்டாப் டைப்-சி வழியாக சார்ஜ் ஏறுமா என்று முதலில் பாருங்கள், ஏறினால் 65 வாட் கொடுக்கக்கூடியதாக வாங்குங்கள். போனுக்கான 20 வாட் பவர் பேங்க் கேம் இழுப்புக்கு ஈடுகொடுக்காது.

சித்திரை வெயிலில் மொட்டை மாடி அறையில் மெத்தை மேல் வைத்து மட்டும் ஆடாதீர்கள். காற்று வழி அடைபட்டுப் பேட்டரி வேகும், லித்தியம் பேட்டரிக்குச் சூட்டை விடப் பெரிய பகை இல்லை. மற்ற நாட்களில் சார்ஜ் லிமிட் வசதி இருந்தால் 80 சதவீதத்தில் நிறுத்துங்கள், கரண்ட் போகிற நாளுக்கு முந்தின ராத்திரி மட்டும் 100 ஏற்றிக்கொள்ளுங்கள். டச்பேட் கொஞ்சம் மேலே தூக்கினாற்போலத் தெரிந்தால் பேட்டரி உப்புகிறது என்று அர்த்தம், உடனே ஆஃப் பண்ணி, சார்ஜ் போடாமல் கடைக்குக் கொண்டு போங்கள்.