ஜனவரியில் எட்டிப் பார்த்தவை

அன்புள்ள ஆசிரியருக்கு,

இந்த வருடம் குளிர்காலம் பெயருக்குத்தான் வந்தது. பனி ஒருநாள்கூடத் தரையில் தங்கவில்லை. ஜனவரி மூன்றாம் வாரமே ஸ்னோட்ராப் என்ற சின்ன வெள்ளைப் பூ பூத்துவிட்டது. வெளிர்மஞ்சளாக ஒரு பிரிம்ஸ்டோன் வண்ணத்துப்பூச்சியையும் பார்த்தேன். செடிகொடிகள் ஏமாந்துபோகின்றன, இல்லையா? சந்தோஷப்படுவதா, பயப்படுவதா?

அன்புடன்,
ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

ஸ்னோட்ராப் எப்போதுமே அவசரக்காரப் பூதான். பிரிம்ஸ்டோனும் புதிதாகப் பிறந்ததல்ல. போன கோடையில் பிறந்து, ஐவிக் கொடியின் இலைகளுக்கிடையில் உறங்கிக் கிடந்தது. வெயில் பட்டதும் ஒரு சுற்று போய்விட்டு மறுபடி ஒளிந்துகொள்ளும்.

ஆனால் ‘ஏமாந்துபோகின்றன’ என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மரங்கள் அவ்வளவு அப்பாவிகள் இல்லை. ஆப்பிள் மரம் குளிரைக் கணக்கு வைக்கிறது. ஏறக்குறைய 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இத்தனை மணி நேரம் கழிந்தாக வேண்டும். பல ரகங்களுக்கு 1000 மணியை ஒட்டி வரும். அது நிறையும்வரை நாலு நாள் வெயிலடித்தாலும் மொட்டு அசையாது. காட்டு மரமான பீச் (பழம் தரும் பீச் இல்லை) இன்னும் கெட்டி. பகல் நீண்டால்தான் கண் திறக்கும்.

ஹேசல் புதர் அருகில் இருந்தால் போய்ப் பாருங்கள். போன வருடமே உருவாகி விறைப்பாக நின்ற ஆண் பூச்சரங்கள் இப்போது நெகிழ்ந்து தொங்கும். விரலால் சுண்டினால் மஞ்சள் தூள் புகைபோலப் பறக்கும். பெண் பூவைக் கண்டுபிடிப்பதுதான் பாடு. மொட்டின் நுனியில் குங்குமப்பூவைக் கிள்ளி வைத்ததுபோல் சில சிவப்பு இழைகள், அவ்வளவுதான். மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பத்து நிமிடம் தேடினேன்.

சரி, பயத்துக்கு வருவோம். சீக்கிரம் பூப்பது ஆபத்தில்லை, அதற்குப் பிறகு வரும் உறைபனிதான் ஆபத்து. 2021 மார்ச் கடைசியில் பிரான்சில் வெயில் நன்றாக அடித்தது, திராட்சைக் கொடிகள் துளிர்த்தன. ஏப்ரல் தொடக்கத்தில் வந்த உறைபனி அந்தத் துளிர்களைக் கருக்கிவிட்டது.

இன்னொன்று, எல்லோரும் ஒரே கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. ஓக் மரத்துப் புழுக்கள் வெப்பத்தைப் பார்த்து வெளிவருகின்றன. மேற்கு ஆப்பிரிக்காவில் குளிர்காலத்தைக் கழிக்கும் கறுப்பு வெள்ளை ஈப்பிடிப்பான் பறவையோ பகலின் நீளத்தைப் பார்த்துத்தான் கிளம்புகிறது. இங்கே சீக்கிரமே வெயில் வந்துவிட்டது அதற்கு எப்படித் தெரியும்? வந்து முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும்போது, குஞ்சுகளுக்கு ஊட்ட வேண்டிய புழுப் பந்தி முடிந்திருக்கும். எனக்குக் கவலை அதில்தான்.

அப்புறம், ஒரு சின்னக் குறை. ‘மூன்றாம் வாரம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். இங்கிலாந்தின் நார்ஃபோக்கில் ராபர்ட் மார்ஷம் என்பவர் 1736-இல் வசந்தத்தின் அறிகுறிகளைத் தேதியோடு குறிக்கத் தொடங்கினார். ஸ்னோட்ராப்பும் அவர் பட்டியலில் உண்டு. அவர் வழிவந்தவர்கள் 1958 வரைகூடக் குறித்தார்கள். உங்கள் ஸ்னோட்ராப் பூத்தது சரியாக எந்தத் தேதி?