வேலையும் எண்ணெயில், சேமிப்பும் எண்ணெயிலா?

கேள்வி: ஹூஸ்டனில் கடலடி எண்ணெய்க் கருவிகள் செய்யும் நிறுவனத்தில் 6 ஆண்டுகளாகப் பொறியாளராக இருக்கிறேன். எச்-1பி விசா. என் 401(கே) ஓய்வுக்காலச் சேமிப்பில் பாதிக்கு மேல் எங்கள் நிறுவனப் பங்கு. மீதியிலும் எண்ணெய்ப் பங்குகளே அதிகம். கடலில் கிணறு தோண்டுவதை அரசு நிறுத்தினால் கச்சா எண்ணெய் விலை ஏறும், வேலை போனாலும் பங்குகள் கைகொடுக்கும் என்பது என் கணக்கு. சரிதானா?

பதில்: கணக்கு கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உங்கள் ஊர் 2010-ல் இதை ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டது. விடை வேறாக வந்தது.

அந்த ஆண்டு ஏப்ரல் 20-ல் டீப்வாட்டர் ஹொரைசன் ரிக் (கடலில் கிணறு தோண்டும் மேடை) வெடித்து 11 பேர் இறந்தார்கள், எண்ணெய் கடலில் கசிந்தது. மே கடைசியில் ஒபாமா அரசு ஆழ்கடலில் புதிதாகத் தோண்டுவதை 6 மாதம் நிறுத்தியது. மெக்சிகோ வளைகுடாவில் 33 ரிக்குகள் வேலையின்றி நின்றன. கச்சா எண்ணெய் விலை எகிறியதா? ஏப்ரலில் பீப்பாய் 80 டாலருக்கு மேல் இருந்தது, தடை வந்தபோது 75 டாலரை ஒட்டி நின்றது. கிரேக்கக் கடன் நெருக்கடி பற்றிய பயம் சந்தையை ஆட்டிய அளவுக்கு இந்தத் தடை ஆட்டவில்லை.

காரணம் எளிது, நீங்கள் பொறியாளர் என்பதால் சட்டென்று பிடிபடும். நின்றது தோண்டும் வேலை. ஏற்கெனவே எண்ணெய் தந்துகொண்டிருந்த கிணறுகள் ஓடிக்கொண்டேதான் இருந்தன. வளைகுடா உற்பத்தி 2011-ல்தான் குறைந்தது, நாளைக்கு ஏறக்குறைய 2 லட்சம் பீப்பாய். உலகம் அப்போது நாளைக்கு 8 கோடி பீப்பாய்க்கு மேல் எரித்துக்கொண்டிருந்தது. 2011-ல் விலை ஏறியது உண்மைதான், ஆனால் அதற்கு லிபியா போர் ஒரு பெரிய காரணம்.

அடி விழுந்த இடம் வேறு. கசிந்த கிணற்றை வைத்திருந்த பிபி நிறுவனத்தின் பங்கு பாதிக்கும் கீழே போனதை விடுங்கள், அது கசிவுக்கான இழப்பீட்டுப் பயம். விபத்தோடு சம்பந்தமே இல்லாத ரிக் நிறுவனங்களின் பங்குகளும் சரிந்தன. சில ரிக்குகள் எகிப்துக்கும் காங்கோவுக்கும் கிளம்பிவிட்டன. தற்காலிகமாக 8,000 முதல் 12,000 வேலைகள் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று அரசே மதிப்பிட்டது. சரக்குப் படகுக்காரர்கள், ரிக்குக்குச் சாப்பாடு அனுப்புபவர்கள், உங்களைப் போல் கருவி செய்பவர்கள் எல்லாம் இந்த வரிசையில்தான் வருகிறார்கள். அதாவது எந்தச் செய்தி உங்கள் வேலைக்கு ஆபத்தோ, அதே செய்திதான் உங்கள் பங்கையும் இறக்கும்.

அரசியலை வைத்துப் பந்தயம் கட்டுவதும் வேண்டாம். 2010 தடையை லூசியானாவின் குடியரசுக் கட்சி ஆளுநர் பாபி ஜிண்டால் எதிர்த்தார். ஒபாமாவின் சொந்தக் கட்சி செனட்டர் மேரி லாண்ட்ரூவும் எதிர்த்தார், அதற்காக ஒரு பட்ஜெட் அதிகாரியின் நியமனத்தையே முடக்கினார். நடுவில் ஒரு நீதிபதி தடையைத் தடுத்தார், அரசு புதிய தடை போட்டது, அக்டோபரில் அதை விலக்கியது. ஆனால் முதல் ஆழ்கடல் அனுமதி வர அடுத்த பிப்ரவரி ஆகிவிட்டது. காகிதத்தில் ஐந்து மாதம்கூட இல்லாத தடை, வேலைத்தளத்தில் ஒன்பது மாதம் நீடித்தது. 2025 ஜனவரியிலோ பைடன் பெரும் கடல்பரப்பை மூடினார், இரண்டே வாரத்தில் டிரம்ப் அந்த உத்தரவை ரத்து செய்தார். இதையெல்லாம் முன்கூட்டிக் கணிப்பேன் என்று சொல்லும் ஆலோசகரிடம் பணம் கொடுக்காதீர்கள், நானாக இருந்தாலும்!

இனி செய்ய வேண்டியது. உங்கள் நிறுவனப் பங்கு சந்தையில் வர்த்தகமாவது என்றால், உங்கள் சம்பளத்திலிருந்து போன பணத்தில் வாங்கியதை எப்போது வேண்டுமானாலும் வேறு ஃபண்டுக்கு மாற்றலாம். நிறுவனம் தன் தரப்பில் உங்கள் கணக்கில் போட்ட பங்குகளை 3 ஆண்டுப் பணிக்குப் பிறகு மாற்றலாம். உங்களுக்கு 6 ஆண்டு ஆகிவிட்டது. 401(கே)-க்குள்ளேயே விற்று மாற்றினால் வரியும் இல்லை. நிறுவனப் பங்கை 10 சதவீதத்துக்குள் கொண்டுவாருங்கள்.

அதைவிட அவசரம் கையிருப்பு. வேலை போனால் எச்-1பி-காரருக்குப் புது வேலை தேட அதிகபட்சம் 60 நாள் அவகாசம். தடைக் காலத்தில் ஊரிலுள்ள இத்துறை நிறுவனங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் ஆளெடுப்பை நிறுத்தும் என்பதால், எட்டு மாதச் செலவுக்கான தொகையைச் சாதாரணச் சேமிப்புக் கணக்கில் வையுங்கள். 401(கே)-யை இதற்கு நம்பாதீர்கள். முன்கூட்டி எடுத்தால் பொதுவாக வரியோடு 10 சதவீத அபராதமும் உண்டு.

எண்ணெய்ப் பங்கே வேண்டாமா என்று கேட்பீர்கள். பல துறைப் பங்குகளையும் சேர்த்து வைத்திருக்கும் பரந்த குறியீட்டு ஃபண்ட் வாங்கினாலே அதற்குள் சில சதவீதம் எண்ணெய் இருக்கும். உங்களுக்கு அது போதும்.