சேலத்துத் தண்ணீரும் கழிமுக நத்தையும்

அன்புள்ள ஐயா,

கழிமுகச் சேற்றில் வாழும் குட்டி நத்தைகளைப் பற்றி நீங்கள் எழுதியதை வகுப்பில் வாசித்துக் காட்டினேன். பிள்ளைகள் ஏற்காடு ஏரிக்கரையில் இலைக்கு அடியில் ஒட்டியிருந்த நத்தையைப் படமெடுத்து வந்து, "இதுதானே அது?" என்கிறார்கள். படத்தை இணைத்திருக்கிறேன். கடலே இல்லாத ஊர்ப் பிள்ளைகளுக்கு இந்த நத்தைப் பாடம் எதற்கு என்று ஒரு பெற்றோர் வேறு கேட்டுவிட்டார்.

ஓர் ஆசிரியை, அஸ்தம்பட்டி, சேலம்

அன்புள்ள டீச்சர்,

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அது வேறு நத்தை. உடம்பை முழுக்க உள்ளே இழுத்த பிறகும் ஓட்டின் வாய் திறந்தே கிடக்கிறது பாருங்கள். நம் குளங்களில் சாதாரணமாகத் தென்படும் நத்தையின் குஞ்சு அது. மூச்சுவிட நீர்மட்டத்துக்கு வந்து போகும்.

நான் எழுதியது ஐரோப்பியக் கரைகளில் வாழும் பெரிஞ்சியா உல்வே. உயரம் சுமார் 6 மில்லிமீட்டர்தான். அதன் காலின் பின்பக்கத்தில் சின்னதாக ஒரு மூடி உண்டு. தொட்டால் தலை முதலில் உள்ளே போகும், அப்புறம் கால், கடைசியாக அந்த மூடி வந்து வாசலை அடைக்கும். நம் கிழக்குக் கரையின் உவர்நீர்ச் சேற்றில் இருக்கும் அசிமினியா வகைக் குட்டி நத்தைகளுக்கும் மூடி உண்டு.

அங்கே வாழ்வதற்கு அந்த மூடி வேண்டும். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. கோடையில் கழிமுகத்தின் உப்பு ஏறக்குறைய அந்த அளவுக்கு வந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் ஆற்று வெள்ளம் இறங்கினால் கிட்டத்தட்ட நல்ல தண்ணீராகிவிடும். உப்புக் குறைந்த நீர் உடம்புக்குள் ஏறித் திசுக்களை வீங்க வைக்கும். நிலைமை தாங்காதபோது கதவைச் சாத்திக்கொண்டு காத்திருக்கலாம், அவ்வளவுதான். சரியானதும் வெளியே வந்து, சேற்றின் மேல் படிந்த டயாட்டம் பாசியை மேயும்.

சரி, அந்தப் பெற்றோரின் கேள்விக்கு வருகிறேன். அதை வரைபடத்தை வைத்துக்கொண்டு பேசுங்கள். சேர்வராயன் மலையில் பிறக்கும் திருமணிமுத்தாறு சேலத்துக்குள் நுழைந்து, நாமக்கல் பக்கம் காவிரியில் சேர்கிறது. காவிரியிலிருந்து முக்கொம்பில் கொள்ளிடம் பிரிகிறது. ஆத்தூர் வழியே போகும் வசிஷ்ட நதியின் தண்ணீர் வெள்ளாறாகிப் பரங்கிப்பேட்டையில் கடலைத் தொடுகிறது. கொள்ளிடத்துக்கும் வெள்ளாற்றுக்கும் நடுவேதான் பிச்சாவரம். நம் மாவட்டத்து மழை இரண்டு வழியாகவும் அந்தச் சுரபுன்னைக் காட்டை நோக்கித்தான் போகிறது. மேலிருந்து வரும் நல்ல தண்ணீர் குறைந்தால் அங்கே உப்பு ஏறும். பாதி உப்பு, பாதி ஆறு என்று அமைந்த வாழ்க்கையில் ஆற்றின் பங்கைக் கொடுக்கிறவர்களில் நாமும் உண்டு. அந்த ஆற்றை ஊருக்குள் சாக்கடையாக விட்டு வைத்திருப்பதை நினைத்தால் எனக்கு மனம் ஆறுவதில்லை. பிள்ளைகளைத் திருமணிமுத்தாற்றங்கரைக்கும் ஒருநாள் கூட்டிப் போங்கள்.

பிச்சாவரம் போவதானால் பொங்கல் கழிந்து, நீர் வற்றும் நேரமாகப் பார்த்துப் போங்கள். அப்போதுதான் சேறு வெளியே தெரியும். கையில் ஒரு லென்ஸ் போதும். பார்த்த நத்தையை அங்கேயே விட்டுவிட வேண்டும். பாட்டிலில் போட்டுச் சேலத்துக்குக் கொண்டுவந்தால், நம் குழாய்த் தண்ணீரில் அதற்கு உப்பும் கிடையாது, மேயச் சேறும் கிடையாது.