பாமர் வீட்டுச் சாப்பாட்டு மேசை

கேள்வி: 'ட்வின் பீக்ஸ்' தொடரை இப்போதுதான் பார்த்து முடித்தோம். லாராவைக் கொன்றது அவள் அப்பா லீலண்ட் பாமர். ஆனால் அவருக்குள் 'பாப்' என்ற தீய ஆவி புகுந்திருந்தது, அவருக்கு எதுவுமே தெரியாது என்று என் தம்பி சாதிக்கிறான். எனக்கு மனது ஒப்பவில்லை. நீங்கள் யார் கட்சி? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: கொலைகாரன் யார் என்று கேள்வியிலேயே போட்டு உடைத்துவிட்டீர்கள். 1990-இல் வந்த அமெரிக்கத் தொடர்தானே, போகட்டும்.

நான் உங்கள் கட்சி. என் மனைவி உங்கள் தம்பி கட்சி. எங்கள் வீட்டில் இது இன்னும் தீராத வழக்கு.

தம்பி எதை வைத்துப் பேசுகிறார் என்று தெரிகிறது. லீலண்ட் சாகும் காட்சி. லாக்கப்பின் இரும்புக் கதவில் தலையை மோதிக்கொண்டு, மேலேயிருந்து தண்ணீர் கொட்டக் கொட்ட, துப்பறியும் கூப்பரின் மடியில் கிடக்கிறார். சின்னப் பையனாக இருந்தபோது அவன் கனவில் வந்தான், நான்தான் உள்ளே விட்டேன், அவன் உள்ளே இருக்கையில் எனக்கு ஒன்றும் தெரியாது, போன பிறகு ஒன்றும் நினைவிருக்காது என்கிறார். லீலண்டாக நடிக்கும் ரே வைஸ் அழுகிற அழுகைக்குக் கல்லும் கரையும். ஆனால் சாட்சி சொல்வது யார்? குற்றவாளியேதான். "போதையில என்ன செஞ்சேன்னே தெரியலை" என்று மறுநாள் காலையில் வந்து நிற்பவரை நாம் பார்த்ததில்லையா?

அது முடிந்ததும் கூப்பரும் மற்றவர்களும் காட்டில் நின்று இதே விவாதத்தைத்தான் நடத்துகிறார்கள். ஆவி என்பதை ஊர்ப் போலீஸ் தலைவரான ஷெரீஃபால் நம்ப முடியவில்லை. பெற்ற மகளையே ஒருவன் கொன்றான் என்று நம்புவது மட்டும் சுலபமா என்கிறார் கூப்பர். எல்லோரையும் நக்கலடிக்கும், கூப்பரின் சக அதிகாரி ஆல்பர்ட்தான், மனிதர்கள் செய்கிற தீமைக்குப் பெயர்தான் பாப்போ என்னவோ என்கிறார். தொடர் கதவை ஒருக்களித்து வைத்துவிட்டுப் போகிறது.

என்னைக் கட்சி மாற்றியது 1992-இல் வந்த முன்கதைப் படம். அதில் ஒரு இரவுச் சாப்பாடு. லாரா மேசையில் உட்கார்ந்ததும் லீலண்ட் அவள் கையைப் பிடித்து, நகக்கண்ணில் அழுக்கு இருக்கிறது, கழுவவில்லை என்று மிரட்டுகிறார். கழுத்துச் சங்கிலியைத் தொட்டு, காதலன் கொடுத்ததா என்று குடைகிறார். அவளுக்கு அது பிடிக்காது, விடுங்கள் என்கிறாள் அம்மா சாரா. அவளுக்கு என்ன பிடிக்கும் என்று உனக்கு எப்படித் தெரியும் என்று திருப்பிக் கேட்கிறார் மனுஷர். அங்கே ஆவியும் இல்லை, கோர முகமும் இல்லை. வீட்டுச் சட்டை போட்ட ஒரு அப்பா, அவ்வளவுதான்.

அப்புறம் தெரேசா. லீலண்ட் இரகசியமாகச் சந்திக்கும் பெண். அவர் யாருடைய அப்பா என்று கண்டுபிடித்து மிரட்டத் தொடங்கியதும் கொல்லப்படுகிறாள். குட்டு வெளிப்பட்டுவிடுமே என்ற பயம் எந்த ஆவிக்கு வரும்? கடைசியில், அது நான்தான் என்று உனக்கு எப்போதும் தெரியும் என்றல்லவா நினைத்தேன் என்று லாராவிடமே சொல்கிறார்.

என் மனைவியிடம் இதற்கும் ஒரு பதில் உண்டு. அதே சாப்பாட்டு இரவில் லீலண்ட் கட்டிலில் தனியாக உட்கார்ந்திருப்பார். முகம் மெல்ல மாறும். அழுதுகொண்டே மகள் அறைக்குப் போய், உன்மேல் எனக்கு நிஜமாகவே பாசம் என்பார். "இது நடிப்பாங்க?" என்கிறாள். நடிப்பில்லை. அதுதான் என்னால் ஜீரணிக்க முடியாத இடம்.

கேள்வி: பாப் முதலிலேயே திட்டமிட்ட பாத்திரமா? (வாசகர், மதுரை)

பதில்: இல்லை. பாப்பாக நடித்த ஃப்ராங்க் சில்வா, அரங்கப் பொருள்களைக் கவனிக்கும் ஊழியராக இருந்தவர். படப்பிடிப்பில் கண்ணாடியில் அவர் உருவம் தற்செயலாக விழ, இயக்குநர் டேவிட் லிஞ்ச் அதையே பிடித்துக்கொண்டார். உங்களுக்கு நன்றி. பாப் பின்னால் வந்து சேர்ந்தவன் என்றால், வீட்டில் என் பக்கம் பேச இன்னொரு வாதம் கிடைத்தது.

கேள்வி: சாராவுக்கு எல்லாம் தெரியும் என்கிறேன் நான். சரியா? (வாசகி, கோவை)

பதில்: மேசையில் "விடுங்கள்" என்று சொன்னவளுக்கு ஏதோ தெரியும். எவ்வளவு என்பதுதான் கேள்வி. படத்தில் லீலண்ட் மருந்து கலந்த பாலைச் சாராவிடம் கொண்டுவந்து நீட்டுகிறார், முழுவதும் குடி என்கிறார். அவள் டம்ளரை வாங்கிக் குடிக்கிறாள்.