வேர்முடிச்சு: தருமபுரி, கிருஷ்ணகிரி வாசகர்களின் கேள்விகளும் என் பதில்களும்

ஊத்தங்கரை மாணவி: வேர்முடிச்சை உண்டாக்கும் மரபணுக்கள் பயறு வகைகளில் புதிதாகத் தோன்றியவையா?

இல்லை அம்மா. பழைய ஆட்களே புது வேலைக்குப் போனார்கள். வேர்முடிச்சு என்பது பயறு வேரில் பாக்டீரியா குடியிருந்து, காற்றின் நைட்ரஜனைச் செடிக்கு உணவாக்கித் தரும் சிறு உருண்டை. பிற மரபணுக்களை இயக்கும் புரதங்களைப் படியெடுத்தல் காரணிகள் என்கிறோம். முடிச்சுக்குத் தலைமை தாங்குவது 'நின்' என்ற காரணி. 1999இல் லோட்டஸ் ஜப்பானிக்கஸ் என்ற சிறு பயறுச் செடியில் அதைக் கண்டறிந்தார்கள். அதன் உறவுக்காரர்களான என்.எல்.பி. காரணிகள் நெல்லிலும் உண்டு, பாசியிலும் உண்டு. செடி உறிஞ்சும் நைட்ரஜன் சத்தான நைட்ரேட் மண்ணில் இருப்பதை உணர்ந்து செயல்படுவதே அவற்றின் பிழைப்பு. நின் அந்த உணர்வை இழந்து, பாக்டீரியாவின் அழைப்புக்குச் செவிசாய்க்கத் தொடங்கியது. பக்கவேர் கிளைக்க உதவும் மரபணுவையே இயக்கி முடிச்சைக் கட்டுகிறது. அழைப்பு வந்து சேரும் பாதையும் இரவல்தான். வேரில் வாழும் பூஞ்சையோடு செடிகள் கொண்ட 40 கோடி ஆண்டு உறவில் உருவான பாதை அது.

பாலக்கோடு விவசாயி: யூரியா போட்டும் மொச்சையில் முடிச்சு குறைவாக இருக்கிறதே?

யூரியா போட்டதால்தான் ஐயா. அது மண்ணில் நைட்ரேட்டாக மாறும். நைட்ரேட்டைக் கண்டதும் என்.எல்.பி. உட்கருவுக்குள் நுழைந்து நின்னின் வேலையைத் தடுக்கிறது. இருக்கும் முடிச்சு ஒன்றை நகத்தால் கீறுங்கள். உள்ளே இரத்தச் சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது, பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் ஓய்ந்துவிட்டது.

காரிமங்கலம்: கேழ்வரகில் முடிச்சு வரவைக்க முடியுமா?

இன்று முடியாது. ஆய்வு நடக்கிறது.

இராயக்கோட்டை: என் தக்காளி வேரில் முடிச்சு இருக்கிறதே!

அது நூற்புழு வீக்கம். பயறு முடிச்சு வேரின் பக்கத்தில் ஒட்டியிருக்கும், விரலால் உருட்டினால் உதிரும். இது வேரே வீங்கியது, உதிராது. செடியைப் பையூர் ஆராய்ச்சி நிலையத்தில் காட்டுங்கள்.

பென்னாகரம்: நெல்லில்? அரூர்: சோளத்தில்?

கேழ்வரகுக்குச் சொன்னதே இரண்டுக்கும்.

அரூர் ஆசிரியர்: புளியும் பயறு குடும்பம். ஆகவே அதுவும் மண்ணில் நைட்ரஜன் சேர்க்கும் என்று பாடம் நடத்துகிறேன்.

தயவுசெய்து நிறுத்துங்கள் ஐயா. புளியில் முடிச்சு இல்லை, சரக்கொன்றையிலும் இல்லை. பயறு குடும்பமே அல்லாத சவுக்கில் இருக்கிறது, பாக்டீரியாதான் வேறு.

மீண்டும் ஆசிரியர்: சவுக்கில் இருக்கிறதென்றால் பொது மூதாதைக்கு இருந்து, புளி இழந்துவிட்டதா?

நல்ல கேள்வி. 2018இல் வெளிவந்த மரபணுத்தொகுதி ஆய்வுகள், முடிச்சில்லாத உறவுச் செடிகள் பலவற்றில் நின் சிதைந்தோ காணாமலோ போயிருப்பதைக் காட்டின. ஆகவே செடிகள் முடிச்சை ஒருமுறை பெற்றுப் பலமுறை இழந்தன என்பது ஒரு கட்சி.

கிருஷ்ணகிரி விரிவுரையாளர்: தனித்தனியே பலமுறை தோன்றியிருக்கலாமே?

அந்தக் கட்சியும் வலுவாகவே இருக்கிறது. என் சாய்வு இழப்பின் பக்கம். முடிச்சு சும்மா கிடைப்பதல்ல. இலை செய்த சர்க்கரையைக் கொட்டிக் கொடுத்தே பாக்டீரியாவை வளர்க்க வேண்டும். நைட்ரஜன் வேறு வழியில் கிடைத்த இடத்தில் அந்தச் செலவைக் கைவிட்டவை பிழைத்திருக்கும். ஆசிரியர் ஐயா, மழைக்குப் பின் புளியங்கன்று ஒன்றையும் அவரைச் செடி ஒன்றையும் மண்ணோடு தோண்டி, வாளித் தண்ணீரில் அலசி, மாணவர்கள் கையில் கொடுங்கள்.